ரொட்டியை விசாரித்தவர்

என் கண்ணான மகள் ரைத்தாவுக்கு, பஸராவிலிருந்து உன் உம்மா ஹுனைதா ஸலாம் சொல்லி எழுதுவது. நீயும் மாப்பிள்ளை ஆஸிமும் பேத்தி உமைமாவும் படைத்தவன் காவலில் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பித்தான் தாளை எடுத்திருக்கிறேன். இங்கே நாங்கள் சுகம் என்று வழக்கம்போல எழுதிவிடலாம், ஆனால் இந்தக் கடிதத்தில் ஒரு பொய்கூட எழுதுவதில்லை என்று முடிவு செய்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன், அதனால் உள்ளபடியே சொல்கிறேன், உடம்பு சுகம், மனசு சுகமில்லை. கடைவாய்ப் பல் ஒன்று போன மாதம் விழுந்துவிட்டது, அதற்காக யாரும் அழ வேண்டாம், வலி போனது. வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது, ஒன்று தங்கியது. கால்வாய்த் தண்ணீர் இந்த வருஷமும் உப்புதான், குடிதண்ணீருக்குப் படகுக்காரனிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறது, அவனுக்கு வந்த வாழ்வைப் பார்க்க வேண்டுமே. பேரீச்சை நன்றாகக் காய்த்திருக்கிறது, உனக்கு ஒரு கூடை அனுப்பலாம் என்றால் மர்வுக்குப் போய்ச் சேருவதற்குள் பாதியை எறும்பு தின்னும், மீதியைச் சுமக்கிறவன் தின்பான். என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும், பொறுமையாகப் படி, மாப்பிள்ளையிடம் படிக்கக் கொடுக்காதே. முதலில் நீ தனியாகப் படி. அப்புறம் உன் இஷ்டம், ஊரைக் கூட்டி வாசித்தாலும் சரி.

நேராக விஷயத்துக்கு வருகிறேன் மகளே, சுற்றி வளைத்தால் எனக்குத் தைரியம் போய்விடும். உன் வாப்பா உன் வீட்டை நோக்கி வந்துகொண்டிருக்கிறார். ஆமாம், ஸுவைத்தான், உன்னைப் பெற்றவர்தான், நீ கல்யாணமாகிப் போன இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் உனக்கு ஒரு வரி எழுதாதவர். அறுபத்தாறு வயசில், முட்டி வலியோடு, அஹ்வாஸ் போகும் ஒட்டகக் கூட்டத்தோடு சேர்ந்து ஏழு நாளைக்கு முன் கிளம்பிவிட்டார். அங்கிருந்து ரய், நைசாபூர், ஸரக்ஸ், அப்புறம் உன் ஊர். ஒட்டகத்தில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டார், நடைதான். இந்தக் கடிதத்தைக் கொண்டு வருகிற தோல் வியாபாரி ஹுபைஷ் கோவேறு கழுதையில் எங்கும் தங்காமல் போகிறவர், வாப்பாவுக்கு முன்னால் ஒரு மாசமாவது முந்திக்கொண்டு வந்துவிடுவார். அதற்காகத்தான் அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி இதைக் கொடுத்துவிடுகிறேன். ஏன் வருகிறார் என்று தெரியாமல் நீ அவரைத் திடீரென்று வாசலில் பார்த்தால் என்ன செய்வாயோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. கதவைச் சாத்திக்கொள்வாயோ என்று பயம். சாத்தினாலும் உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. அவர் எதற்காக வருகிறார் என்பதை நான் சொல்கிறேன், சொல்ல வேண்டியவள் நான்தான், ஏனென்றால் எல்லாம் என்னால் வந்தது.

உனக்கு நினைவிருக்காது, உனக்கு நாலு வயசு இருக்கும்போது உன் வாப்பா வரிக் களஞ்சியத்தில் தானியம் அளக்கிறவராக இருந்தார், அங்கேயே வேலையில் இருந்த என் தம்பி நுமைர்தான் அதை வாங்கிக் கொடுத்தான். குடியானவனிடம் வாங்கும்போது மரக்காலைக் கோபுரமாகக் குவித்து வாங்குவார்கள், திருப்பிக் கொடுக்கிற நாளில் விளிம்போடு வழித்துக் கொடுப்பார்கள், அதுதான் அங்கே வழக்கம், யாரும் அதைத் திருட்டு என்று நினைக்கவில்லை. ஒரு நாள் ஒரு கிழவன், குவித்த தானியத்தைக் காட்டி வாப்பாவிடம், “ஐயா, அந்தக் குவியல் இருக்கே, அதுதான் எம் பேரப்புள்ளைங்க. கீழ இருக்கறது உங்க வரி, எடுத்துக்கங்க. மேல இருக்கறத மட்டும் விட்டுடுங்க” என்றானாம். வாப்பா விடவில்லை, அளந்து கொட்டிவிட்டார். வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டைப் பார்த்தவர் வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தார். மறுநாள் வேலையை விட்டார். பருத்தி உடையைக் கழற்றி ஆட்டு ரோமத்தில் நெய்த சட்டையைப் போட்டார், பஸரா வெயிலில், வேர்வையில் அது என்ன நாற்றம் நாறும் என்று துவைத்தவளுக்குத்தான் தெரியும். பேரீச்ச ஓலையில் கூடையும் பாயும் முடைந்து அந்த வருமானத்தில் மட்டும் சாப்பிடுவேன் என்றார். களஞ்சிய வாசலைத் தாண்டும்போது செருப்பைக் கழற்றி உதறிவிட்டு நடப்பார், சிந்திக்கிடந்த ஒரு மணி ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிடுமாம். தொழுகையில் அழுகிறவர்களைப் பார்த்தால் அவருக்குப் பிடிக்காது, “அழறது பெரிய வித்தையா, வெங்காயம் உரிச்சா நானும் அழுவேன். உள்ள போற கவளம் சுத்தமா இருக்கான்னு பாரு, அப்புறம் கண்ணீரைப் பத்திப் பேசு” என்பார். இதைக் கேட்கத்தான் பள்ளிவாசல் முற்றத்தில் ஆட்கள் சேர ஆரம்பித்தார்கள். அப்புறம் நம் வீட்டுச் சட்டம், அது உனக்கே மனப்பாடம், முதல் கவளத்துக்கு முன் ரொட்டியைக் கையில் ஏந்தி, “எங்கேருந்து வந்தே?” என்று மூன்று தடவை கேட்பார். ரொட்டிக்கு வாயில்லை, அதனால் சுட்டவள் அதற்காகப் பதில் சொல்ல வேண்டும். “உங்க கை முடைஞ்ச ஓலையிலேருந்து.” மூன்று தடவை. அதைக் கேட்ட பிறகுதான் பிட்டுச் சாப்பிடுவார்.

முதல் இரண்டு வருஷம் நான் உண்மையைத்தான் சொன்னேன் ரைத்தா, அதை மட்டும் நம்பு. பிறகு அந்தக் குளிர்காலம் வந்தது, வெள்ளம் வந்து ஓலை எல்லாம் அழுகியது, கூடை வாங்க ஆளில்லை, உன் தம்பி ஹாரிஸ் என் மடியிலேயே மவுத்தானான். காய்ச்சல் என்று எல்லோரும் சொன்னார்கள். காய்ச்சல்தான், ஆனால் வயிற்றில் எதாவது இருந்திருந்தால் பிள்ளை தாங்கியிருப்பான், பெற்றவளுக்குத் தெரியாதா. வாப்பா அவனை அடக்கிவிட்டு வந்து, “கொடுத்தவன் எடுத்துக்கிட்டான்” என்று சொல்லிவிட்டு ஓலையைக் கையில் எடுத்துக்கொண்டார். எனக்கு அன்றைக்கு அவரை அந்த ஓலையாலேயே அடிக்கலாம் போலிருந்தது. நீ மூலையில் எலும்பும் தோலுமாக உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் முக்காட்டைப் போட்டுக்கொண்டு நேராக நுமைர் வீட்டுக்குப் போனேன். அவன், “அக்கா, மச்சானுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவாரு” என்றான். “தெரியாமப் பாத்துக்கறது எம் பொறுப்பு, நீ மூட்டையை மட்டும் அனுப்பு” என்றேன். அதற்கப்புறம் செவ்வாய்க்கிழமை தோறும் வாப்பா பள்ளிவாசலுக்குப் போன நேரம் பார்த்துப் பின்பக்க நாணல் வேலிக்குக் கழுதை வரும். அவருடைய பார்லியில் பாதி, களஞ்சியக் கோதுமையில் பாதி, கலந்து அரைப்பேன். மூட்டை வாயை நீதான் பிடித்துக்கொள்வாய். யாரிடமும் சொல்லாதே என்று நான் உன்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை, சொன்னால் அது தப்பு என்று உனக்குத் தெரிந்துவிடுமே, அதனால் சொல்லவில்லை. ரொட்டி மெத்தென்று இருக்கிறதே என்று வாப்பா ஒரு தடவை கேட்டார், “சலிச்சு அரைச்சேன், உடம்புல தெம்பில்லாம நீங்க எப்படித் தொழுவீங்க” என்று சமாளித்தேன். ஒவ்வொரு வேளையும் மூன்று தடவை பொய். ஆரம்பத்தில் நாக்கு கூசியது, அப்புறம் அதுவும் பழகிவிட்டது.

அந்த மதியத்தைப் பற்றி நான் எழுத வேண்டாம், உனக்கு என்னைவிட நன்றாக நினைவிருக்கும். ஆனால் எழுதாமல் விட்டால் நான் இன்னும் ஒளிந்துகொள்கிறேன் என்று ஆகும், எழுதுகிறேன். உனக்குப் பதினொரு வயசு. எனக்கு நடுக்கக் காய்ச்சல், அடுப்புப் பக்கம் போக முடியவில்லை, நீயே மாவு பிசைந்து, நீயே சுட்டு, கையெல்லாம் கரியோடு, முகமெல்லாம் சிரிப்போடு கொண்டுவந்து வைத்தாய். வாப்பாவோடு முற்றத்து ஆட்கள் நாலு பேர் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். அவர் ரொட்டியை எடுத்து, “எங்கேருந்து வந்தே?” என்றார். சுட்டவள்தானே பதில் சொல்ல வேண்டும். நீ எழுந்து நின்று, “பாதி உங்க ஓலையிலேருந்து வாப்பா, பாதி நுமைர் மாமா மூட்டையிலேருந்து” என்றாய். பளிச்சென்று சொன்னாய். உண்மையைச் சொன்னால் வாப்பா மெச்சுவார் என்றல்லவா உன்னை வளர்த்திருந்தோம். அவர் ரொட்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் போர்வையை விட்டு எழுந்து வந்தேன், அந்த நாலு பேர் முன்னால் உன் கன்னத்தில் அறைந்தேன், “பொய் சொல்றா. நேத்து வளையல் கேட்டா, இல்லேன்னேன், அந்தக் கோபத்துல என்னை மாட்டி விடுறா” என்றேன். எவ்வளவு சரளமாக வந்தது பார், வளையல் என்ற பேச்சே அந்த வீட்டில் இருந்ததில்லை. நீ அழாமல் என்னையே பார்த்தாய். அப்புறம் வாப்பா பக்கம் திரும்பி, “அல்லாஹ் மேல சத்தியமா வாப்பா” என்றாய். அவர் முகம் வெளுத்துவிட்டது. பொய் சொல்வதை அவர் தாங்கிக்கொள்வார், படைத்தவன் பேரில் பொய்ச் சத்தியம் செய்கிற பிள்ளையை அவரால் தாங்க முடியவில்லை. அந்த ரொட்டியைப் பிட்டுச் சாப்பிட்டார். என் பேச்சை நம்பித்தான் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு அவர் உன்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, அடிக்கவில்லை. உன் கையால் எதையும் வாங்கவில்லை, அவ்வளவுதான். நீ தண்ணீர் நீட்டினால் அவர் எழுந்துபோய்த் தானே மொண்டு குடிப்பார். ஐந்து வருஷம். ஒவ்வொரு தொழுகைக்கும் பிறகு கையேந்தி, பொய்ச் சத்தியம் செய்த என் மகளை மன்னித்துவிடு என்று சத்தமாகக் கேட்பார், பாய்த் தடுப்புக்கு இந்தப் பக்கம் நீ கேட்டுக்கொண்டிருப்பாய், நானும் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு தடவைகூட நான் எழுந்து போய், நிறுத்துங்கள், மன்னிப்பு எனக்குக் கேளுங்கள் என்று சொல்லவில்லை. சொன்னால் மூட்டை நின்றுவிடும், மூட்டை நின்றால் நீ ஹாரிஸ் போன வழி போய்விடுவாய், இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இது பாதிதான் உண்மை. மீதிப் பாதி, எனக்கு வெட்கம். ஸுவைத்தின் பெண்டாட்டி என்று ஊர்ப் பெண்கள் எனக்கு இடம் விட்டு எழுந்திருப்பார்கள், அதை விட மனசு வரவில்லை. இதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறுபடி தைரியம் வராது. உனக்கு மூன்று இடத்தில் பெண் கேட்டு வந்தார்கள். ஒருவன் அடுத்த தெருவில் வலை பின்னுகிறவன், ஒருவன் உபுல்லாவில், படகில் அரை நாள், மூன்றாவது மர்வ். ஆஸிம் தங்கமான பிள்ளை, நல்ல குடும்பம் என்று சொல்லி உன்னை அனுப்பினேன். தங்கமான பிள்ளை என்பது அப்புறம் தெரிந்தது, அல்லாஹ் காப்பாற்றினான். அன்றைக்கு நான் பார்த்தது தூரத்தை மட்டும்தான். நீ பக்கத்தில் இருந்தால் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் மறுபடி வாயைத் திறப்பாய் என்று பயந்தேன். பெற்ற மகளுக்குப் பயந்து அவளை நாடு கடத்தினேன், வேறென்ன சொல்வது. படகு நகரும்போது நீ கையசைக்காமல் உட்கார்ந்திருந்தாய், அதற்கும் அன்றைக்கு உன்னைக் கோபித்துக்கொண்டேன், பாவி நான்.

நீ போன பிறகு வாப்பாவின் பேர் எங்கேயோ போய்விட்டது. கூஃபாவிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், மதீனாவிலிருந்து வருகிறார்கள், ரொட்டியை விசாரிக்கிற ஸுவைத் யார் என்று கேட்டுக்கொண்டு. புஷைர் என்று ஒருவன், முப்பது வயசிருக்கும், மைக்கூட்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு வாப்பா தும்மினால்கூட எழுதிவைப்பான். பெண்கள் சும்மா இருப்பார்களா, என் அடுப்புச் சாம்பலைக் கேட்டு வருவார்கள், பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, நெற்றியில் பூச வேண்டுமாம், ஹராம் நெருங்காத அடுப்பாம். நான் அள்ளி அள்ளிக் கொடுத்தேன் மகளே. நுமைர் மூன்று வருஷத்துக்கு முன் மவுத்தாகிவிட்டான், உனக்கு எழுதினேன் அல்லவா, அதோடு மூட்டையும் நின்றது. இப்போது நாங்கள் இரண்டே வயிறுதான், ஓலை வருமானம் போதும். ஆக மூன்று வருஷமாக நான் சொல்கிற பதில் உண்மையான பதில். இனி பிரச்சினை இல்லை, அப்படியே மண்ணுக்குள் போய்விடலாம் என்று இருந்தேன். அப்போதுதான் ஹஜ்ஜுக்கு வந்தவர்கள் கையில் உன் கடிதம் வந்தது. எப்போதும் போல நலம், நலம், நலம் என்று நாலு வரி. கடைசியில் உமைமாவைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தாய், அவள் மண்பானையை உடைத்துவிட்டுப் பூனை உடைத்தது என்கிறாள், பொய் என்று தெரிந்தும் நான் நம்பிவிடுகிறேன், பொய் சொல்லாதே என்று ஒரு பிள்ளையிடம் சொல்ல என்னால் முடியவில்லை என்று. நீ என்னைக் குத்திக் காட்ட எழுதவில்லை, எனக்குத் தெரியும், பேச்சோடு பேச்சாக எழுதியிருக்கிறாய். அதுதான் என்னைக் கொன்றுவிட்டது.

அன்று மதியம் இரண்டு ரொட்டியும் காய்ந்த மீனும் வைத்தேன். வாப்பா ரொட்டியை ஏந்தி, “எங்கேருந்து வந்தே?” என்றார். சுத்தமான ரொட்டி, ஒரு குற்றமும் இல்லாத ரொட்டி, பதில் சொல்ல வேண்டியதுதானே. எனக்கு வாய் வரவில்லை. இரண்டாம் தடவை கேட்டார். மூன்றாம் தடவை கேட்டுவிட்டு நிமிர்ந்து, “என்ன புள்ள, ரொட்டிக்கு இன்னைக்குக் காது கேக்கலையா?” என்று சிரித்தார். நான் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கழுதை, வேலி, செவ்வாய்க்கிழமை, பாதிப் பாதி, எத்தனை வருஷம், எல்லாம். அடிப்பார், கத்துவார், விரலை விட்டு வாந்தி எடுப்பார், தலாக் சொல்லுவார் என்று எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன். அவர் மூட்டையைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. ரொட்டியைத் துணியில் மூடி வைத்தார். பிறகு, “அப்ப அந்தப் புள்ள பண்ணின சத்தியம் உண்மைச் சத்தியமா?” என்றார். ஆமாம் என்றேன். “என்னைப் பாத்துச் சொல்லு.” ஆமாம் என்றேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். அப்புறம் மெல்ல, “வயித்துக்கு நான் பதில் சொல்லிக்கறேன் ஹுனைதா. நானும் விசாரிக்கிறேன் விசாரிக்கிறேன்னு ரொட்டியைத்தான் விசாரிச்சேன், புள்ளையை விசாரிக்கலை. மூட்டை எங்கேன்னு ஒரு வார்த்தை கேட்டு, வேலிப் பக்கம் நாலடி நடந்திருந்தா தெரிஞ்சிருக்கும். நடக்கலையே” என்றார். “நான்தாங்க பொய் சொன்னேன்” என்றேன். “நீ பசிக்குப் பொய் சொன்னே. நான் எதுக்கு நம்பினேன்? எம் பேரு கெட்டுடக் கூடாதுன்னு நம்பினேன். நாலு பேரு பாத்துக்கிட்டிருந்தாங்க” என்றார். என் குற்றத்தை அவர் குறைத்துப் பேசினார் என்பதற்காக நீ குறைத்துக்கொள்ளாதே. பசிக்குச் சொன்ன பொய் மூட்டையோடு நின்றிருக்க வேண்டும், உன் கன்னம் வரை வந்திருக்கக் கூடாது.

மறுநாள் நடுப்பகல் லுஹர் தொழுகை முடிந்ததும் முற்றத்தில் எழுந்து நின்று, எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார். “நான் வருஷக் கணக்கா வரிக் களஞ்சியத்துக் கோதுமை தின்னவன். உணவைப் பத்தி நான் சொன்னதையெல்லாம் அழிச்சுடுங்க. எம் மக உண்மையைச் சொன்னா, நான் அவளைப் பொய்க்காரின்னு ஒதுக்கி வச்சேன்.” என்ன நடந்திருக்கும் என்று நினைக்கிறாய்? ஆளாளுக்கு அழுதிருக்கிறார்கள். சுப்ஹானல்லாஹ், என்ன பணிவு, தன்னையே எப்படித் தாழ்த்திக்கொள்கிறார் பாருங்கள் என்று விழுந்து கையை முத்தமிட்டிருக்கிறார்கள். அந்தப் புஷைர் அதையும் எழுதிக்கொண்டானாம், பணிவு என்ற தலைப்பில். வாப்பா வீட்டுக்கு வந்தவர் கோபத்தில் செருப்பைத் தூக்கி எறிந்தார், நான் அவரோடு வாழ்ந்த நாற்பது வருஷத்தில் அவர் சத்தம் போட்டு அன்றைக்குத்தான் கேட்டேன். “உண்மையைச் சொல்றேன், ஒருத்தன் நம்ப மாட்டேங்கறான்! சத்தியம் பண்றேன், அதுக்கும் சிரிக்கிறானுவ! என்னதான் பண்றது?” என்று கத்தினார். நான் யோசிக்காமல் சொல்லிவிட்டேன், “இப்பத் தெரியுதா, ரைத்தாவுக்கு எப்படி இருந்திருக்கும்னு?” சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அதைச் சொல்ல எனக்கென்ன யோக்கியதை. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் கொட்டியது, இத்தனை வருஷம் எந்தத் தொழுகையிலும் அழாத மனிதர். “நான் சொல்றதைப் பணிவுன்னு நினைக்காத ஆளு உலகத்துலயே ஒருத்திதான். மர்வுல இருக்கா” என்றார். ஓலையைச் சேர்த்துக் கட்ட ஆரம்பித்துவிட்டார்.

வேண்டாம், கடிதம் எழுதலாம் என்றேன். “கடுதாசி போட்டு மன்னிப்புக் கேக்க நான் என்ன ராஜாவா? தப்புப் பண்ணினவன் நடந்துபோய்க் கேக்கணும், அவ மன்னிச்சுப் பொருந்திக்கிட்டாத்தான் படைச்சவன்கிட்ட நான் வாயைத் திறக்க முடியும்” என்றார். அப்படியானால் நானும் வருகிறேன் என்றேன், கூட்டிப்போக மாட்டேன் என்றுவிட்டார், “எம் பின்னாடி நின்னுக்கிட்டு நீ மன்னிப்புக் கேக்காத, உன்னுதை நீ தனியாக் கேளு” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, ஆனால் சரியாகச் சொன்னார். வழியில் முடைந்து விற்றுச் சாப்பிட இரண்டு கட்டு ஓலை எடுத்துக்கொண்டார். ரய் தாண்டினால் பேரீச்ச மரமே கிடையாதாமே, ஹுபைஷ் சொல்கிறார், அந்த இரண்டு கட்டு தீர்ந்ததும் மனிதர் என்ன சாப்பிடுவார்? யாராவது தானமாகக் கொடுத்தால் வாங்குவாரா? குளிரில் அந்த ஒற்றைச் சட்டைதான். புஷைரும் மைக்கூட்டோடு பின்னாலேயே போயிருக்கிறான், வராதே என்று வாப்பா இரண்டு தடவை கல்லெடுத்துக் காட்டியும் கேட்கவில்லை. நான் அவனைத் தடுக்கவில்லை. என்னத்தையோ எழுதிக்கொள்ளட்டும், வாப்பா விழுந்தால் தூக்க ஒரு ஆள் வேண்டுமே. இன்னொன்றும் சொல்ல வேண்டும், அவர் கிளம்பிய அன்று நான் பொது அடுப்படிக்குப் போய், ரொட்டி சுட வந்த பெண்கள் எல்லோரிடமும் நடந்ததைச் சொன்னேன். ஆண்கள் வாப்பாவை நம்பவில்லை அல்லவா, பெண்கள் என்னை உடனே நம்பினார்கள். இப்போது யாரும் சாம்பல் கேட்டு வருவதில்லை. நான் போனால் பேச்சு நின்றுவிடுகிறது, மாவுத் தட்டோடு ஓரமாக நிற்கிறேன், கடைசியில்தான் எனக்கு அடுப்பு கிடைக்கிறது. உனக்கு ஐந்து வருஷம் நம் வீட்டுக்குள்ளேயே இப்படித்தானே இருந்திருக்கும். பதினொரு வயசுப் பிள்ளை எப்படித்தான் தாங்கினாயோ.

அவர் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று உனக்கு நான் சொல்லப் போவதில்லை, அந்த உரிமையை நானே தொலைத்தேன். சில விஷயம் மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவர் கேட்கும்போது நீ உடனே ஆமாம் என்று சொல்லிவிடாதே, பெற்றவர் தள்ளாடுகிறாரே என்று இரக்கப்பட்டு அவசரத்தில் சொல்லிவிடாதே. உட்கார வை. உனக்கு எப்படி இருந்தது என்று முதலிலிருந்து சொல். எத்தனை நாள் ஆனாலும் சொல். இந்தத் தடவை அவர் கேட்பார். புஷைர் பக்கத்தில் இருந்தால் அவனையும் உட்கார வைத்துச் சொல், அவன் எழுதட்டும், உன் பேரைப் போட்டு எழுதட்டும். என்னைப் பற்றிச் சொல்லும்போது எதையும் மறைக்காதே. உமைமாவுக்கும் தெரியட்டும், அவளுடைய உம்மாம்மா எப்படிப்பட்டவள் என்று. அப்புறம் மனசு வந்தால் பொருந்திக்கொள், வராவிட்டால் விட்டுவிடு. அவர் முட்டிக்கு ஆளி விதையைச் சூடாக்கி ஒத்தடம் கொடுக்கச் சொல், ஈரத் தரையில் படுக்க விடாதே. மாப்பிள்ளையிடம் சொல்லி ஸரக்ஸ் சாலையில் வருகிற ஒட்டகக் கூட்டங்களைக் கொஞ்சம் விசாரிக்கச் சொல், ஹுபைஷ் வந்து நாற்பது நாள் ஆகியும் அவர் வரவில்லை என்றால் எதிரே ஆள் அனுப்பு. உயரமாக, கூனலாக, ஓலைக் கட்டோடு ஒரு கிழவர், அவருக்குப் பின்னால் எழுதிக்கொண்டே ஒருவன், யாரும் பார்த்தால் மறக்க மாட்டார்கள்.

என்னுடையதை நான் தனியாகக் கேட்க வேண்டும் என்றாரே, அது இந்தக் கடிதம் இல்லை ரைத்தா. இது அவருக்காக எழுதியது. எனக்காகக் கேட்க நானும் நடந்துதான் வர வேண்டும், வருவேன், நான் வரலாம் என்று நீ ஒரு வார்த்தை எழுதினால் ஆட்டுக்குட்டியை விற்றுவிட்டுக் கிளம்பிவிடுவேன், எழுதாவிட்டால் ஏன் என்று கேட்க மாட்டேன். அல்லாஹ் உன் வீட்டில் அடுப்பை அணையாமல் வைக்கட்டும், உன் மகள் உன்னைப் பார்த்துப் பயப்படாத பிள்ளையாக வளரட்டும், ஆஸிமுக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும். உங்கள் மூன்று பேருக்கும் ஐந்து வேளையும் துஆ செய்கிறேன், என் துஆ ஏறுமோ ஏறாதோ, செய்கிறேன். மறந்துவிடாதே, திரும்பி வருகிற முதல் ஆள் கையில் ஒரே ஒரு வரி கொடுத்தனுப்பு. மன்னித்தாயா என்று எழுத வேண்டாம், அது உங்கள் இரண்டு பேருக்குள். மனிதர் உயிரோடு வந்து சேர்ந்தாரா என்று மட்டும் எழுது. நீ எழுதினால் நான் நம்புவேன்.

உண்மை சொன்ன பிள்ளையைப் பொய்க்காரி ஆக்கியவள்,
உன் உம்மா,
ஹுனைதா